வண்டிக்குக் கொடுத்த மருந்து

எங்கள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்த அன்றே எனக்கு அதன் மேல் சந்தேகம். விற்க வந்தவன் வாசலில் நிறுத்தும்போதே அது கொதித்துக்கொண்டிருந்தது. வேங்கிக்காலிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறேன், சூடாகத்தானே இருக்கும் என்றான். நியாயம்தான். ஆனாலும் கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி ஒரு தரம் உதைத்துக் காட்டச் சொல்லலாமே என்று கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி. நாலு ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. வயசாகியும் இப்போதும் அப்படித்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு இல்லாவிட்டாலும் சந்தேகம் மட்டும் எனக்கு நிறைய உண்டு. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் செம்பைச் சாய்த்து, பால் எப்படி ஒட்டி வழிகிறது என்று பார்ப்பேன். புளியைப் பிரித்துப் பார்க்காமல் ஜாடியில் அடைக்க மாட்டேன். ஆனால் யாரையும் கேட்டுவிட மாட்டேன். பார்த்து மனசில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில். திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. என் மாமனாருக்குக் கோயில் பக்கத்துத் தெருவில் பூஜை சாமான் கடை. சூடம், ஊதுவத்தி, குங்குமம், விளக்குத் திரி. அவருக்கு ஒரே பிள்ளை என் வீட்டுக்காரர். அவர் கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு உரக்கடைக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதற்குத்தான் இந்த வண்டி.

"சைக்கிள்ல போனா கால் தேஞ்சிடுமா?" என்று மாமனார் அன்றே கேட்டார்.

"சைக்கிள்ல போயிட்டு வர்றதுக்குள்ள வேற கம்பெனிக்காரன் ஆர்டர் எடுத்துட்டுப் போயிடுவான் நைனா."

"இது நாளைக்கு நடுரோட்டுல நின்னா நீ தள்ளுவ, அவன் சைக்கிள்ல உன்னைத் தாண்டிப் போவான்."

கடைக்கு ஆள் வேண்டுமே என்று என் தம்பியை வரவழைத்தார்கள். அடி அண்ணாமலையில் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். அதில் இரண்டு பேர் பிழைக்க முடியாது. தம்பிக்கு அப்போது கல்யாண வயசு. பெண் வீட்டுக்காரர்கள் ஒரு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, டவுன் கடையில் பையன் நிலைத்து நிற்கிறானா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவன் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்வான். அந்த அறையில்தான் கடைக்கான சூடம் டின்களும் அடுக்கியிருக்கும். அறைக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் நடை. ராத்திரி வண்டியை அந்த நடையில் ஏற்றி நிறுத்துவார்கள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

வண்டி வந்து கொஞ்ச நாளில் புகை கக்க ஆரம்பித்தது. வெள்ளையும் இல்லாமல் கருப்பும் இல்லாமல் ஒரு நீலப் புகை. தெருவில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில் எரிந்து எரிந்து உள்ளே கரி பிடிக்கும் என்று என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். "நம்ம விறகடுப்புல பாத்திரத்துக்கு அடியில பிடிக்குதே, அது மாதிரி." அப்படிச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது.

வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் இருந்தார். ஊரில் பல தலைமுறையாக இருக்கிற முஸ்லிம் குடும்பம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சைலன்சரைக் கழற்றி, நெருப்பில் வாட்டி, கம்பியை விட்டுச் சுரண்டிக் கரியை எடுத்துக் காட்டினார். அது ஒரு முறத்தில் கொட்டுகிற அளவு இருந்தது.

"ஆயில் ஜாஸ்தி ஊத்தினா கரி பிடிக்கும் சார். கம்மியா ஊத்தினா பிஸ்டன் புடிச்சுக்கும். அளவா ஊத்துங்க. அப்பப்ப கொண்டாங்க, சுரண்டிக் குடுக்கறேன். வேற வைத்தியம் ஒண்ணும் வேணாம்."

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பெட்ரோல் பங்கில் யாரோ ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள். சிவப்பு மருந்து. பெட்ரோல் போடும்போது ஒரு மூடி சேர்த்து ஊற்றினால், வண்டி ஓட ஓட உள்ளே இருக்கிற கரியெல்லாம் தானாகக் கழன்று புகையோடு வெளியே போய்விடுமாம். இன்ஜின் புதுசு மாதிரி ஆகிவிடுமாம்.

"பாய்க்கு இது பிடிக்காது. கரியே பிடிக்கலன்னா அவரு எதைச் சுரண்டுவாரு?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அதுவும் ஒரு நியாயம்தான் என்று நினைத்தேன். ஆனால் பங்குக்காரர்கள் மட்டும் விற்காமலா பேசுவார்கள்? எனக்குப் பாய் மேலும் சந்தேகம், பாட்டில் மேலும் சந்தேகம். பாட்டிலில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. வீட்டில் இருமல் மருந்தும் அதே நிறம். யாராவது எடுத்துக் குடித்து வைக்கப்போகிறார்கள் என்று அதைப் பரண் மேல் ஏற்றி வைத்தேன். ஏற்றுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனையில் நகப்பூச்சு வாசனை கலந்தது போல மூக்கில் ஏறியது.

கரியைக் கழுவும் என்கிறார்களே, பார்த்துவிடலாம் என்று ஒரு கந்தைத் துணியில் நாலு சொட்டு விட்டு, வெந்நீர்த் தவலையின் அடியைத் தேய்த்தேன். கொஞ்சம் வந்தது. அப்புறம் இன்னொரு பக்கத்தை வெறும் மண்ணெண்ணெயில் தேய்த்தேன். அதுவும் கொஞ்சம் வந்தது. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்ஜினுக்குள்ளே எப்படியோ, அதை நான் எங்கே கண்டேன்.

இவர் என்னவோ மருந்து ஊற்றிய நாளிலிருந்து வண்டி சந்தோஷமாக ஓடுகிறது என்றார். புகை குறைந்த மாதிரிதான் எனக்கும் இருந்தது. பாய் அப்போதுதான் சுரண்டிக் கொடுத்திருந்தார் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

பாட்டில் தீர்ந்தது. பங்கில் கேட்டால் சரக்கு வரவில்லை என்றார்கள். வேலூர் போகிறவர்களிடம் சொல்லிவிட்டார், அங்கேயும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மருந்துப் பேச்சையே விட்டுவிட்டார். அவர் எதையும் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை. அதனால் அந்த மௌனமும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்த்திகை பிறந்து மழையும் குளிரும் வந்தது. வண்டிக்குப் புதுசாக ஒரு வியாதி வந்தது. காலையில் எத்தனை உதை உதைத்தாலும் கிளம்பாது. இவர் வேர்த்து விறுவிறுத்து, வண்டியைத் திட்டி, பஸ்ஸில் போவார். மதியம் வெயில் வந்ததும் தம்பி சாப்பிட வந்து சும்மா ஒரு உதை உதைத்தால் படபடவென்று பிடித்துக்கொள்ளும்.

"மாமா, வண்டி எங்கிட்ட மட்டும் பேசுது," என்று அவன் ஒரு நாள் இவரிடம் விளையாட்டாகச் சொன்னான்.

சொல்லியிருக்கக் கூடாது. இவர் முகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலம் என்னிடம், "ராத்திரி நல்லா நிறுத்துறேன், காலையில கிளம்பல. நடுவுல யாரு கை வைக்கிறாங்கன்னு தெரியல" என்றார். நடையை ஒட்டிப் படுத்திருப்பவன் ஒருவன்தான். பெயரைச் சொல்லாவிட்டால் என்ன, எனக்குப் புரியாதா? பெட்ரோலை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ.

அதே வாரத்தில் மாமனார் தீபத்துக்காக முன்னறை டின்களைத் திறந்தார். தீபம் என்றால் எங்கள் கடைக்கு அதுதான் வருஷம். சூடம் அந்தப் பத்து நாளில்தான் போகும். ஒரு டின் பாதி காலியாக இருந்தது. நடுவில் காகிதத்தைக் கசக்கி அடைத்து, மேலே வில்லைகளைப் பரப்பி நிறைந்திருப்பது போல வைத்திருந்தது. சூடம் திறந்து கிடந்தால் காற்றில் கரையும், அது அவருக்கும் தெரியும். ஆனால் மேலே பரப்பி வைப்பதைக் காற்று செய்யாது.

அவர் கத்தவில்லை. சாப்பிடும்போது ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏம்மா, உன் தம்பி ராத்திரி தூங்கறானா?"

"தூங்கறான் மாமா," என்றேன். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

"தீபம் முடியட்டும். கை சுத்தம் இல்லாதவனைக் கடையில வச்சுக்க முடியாது. ஊருக்குப் போய் நிலத்தைப் பாத்துக்கட்டும். நான் யாருகிட்டயும் எதையும் சொல்ல மாட்டேன்."

சொல்ல வேண்டியதே இல்லையே. தீபம் முடிந்ததும் ஒருவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு நடந்தால், ஊர் தானாகச் சொல்லிக்கொள்ளும். பெண் வீட்டார் காதுக்குப் போக எவ்வளவு நேரம்? அப்புறம் அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

தம்பியிடம் கேட்டேன். கேட்கவே கூசியது. "டேய், டின்னைத் தொட்டியா?"

"கடைக்கு எடுத்துக்கினு போறப்ப தொடாம எப்படிக்கா எடுப்பேன்?"

"அது இல்லடா. வேற எதுக்காவது."

அவன் என்னையே பார்த்தான். "சூடத்தைத் திருடி நான் என்னாக்கா செய்யப்போறேன்? திங்கவா முடியும்?" என்றான். அப்புறம் அன்று சாப்பிடவில்லை.

அவனை எனக்குத் தெரியும். அதனால் வேறு பக்கம் யோசித்தேன். மறுநாள் துணி துவைக்க எடுத்தபோது என் வீட்டுக்காரர் சட்டையில் சூடம் வாசனை வந்தது. உரக்கடைக்காரர் சட்டையில் உர வாசனை வரும், பெட்ரோல் வாசனை வரும். கடைப் பக்கமே போகாத மனுஷனுக்குச் சூடம் எங்கிருந்து? பையைத் திருப்பினேன். மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம் துகள். விரலில் தேய்த்தேன், சில்லென்றது.

எனக்கு முதலில் தோன்றியது வேண்டுதல். எங்கேயோ போய்த் திருட்டுத்தனமாகச் சூடம் ஏற்றுகிறார். யாருக்காக? எதற்காக? எந்த ஊரில்? ஆர்டர் எடுக்கப் போகிற ஊர்களை எல்லாம் மனசில் ஓட்டிப் பார்த்தேன். எந்தெந்த ஊர்ப் பேரைச் சொல்லும்போது அவர் குரல் மாறுகிறது என்றுகூட யோசித்தேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது. அப்போது அடுப்பில் சோறு தீய்ந்தது. அந்தச் சட்டையை மட்டும் துவைக்காமல் மடித்து, என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. துவைத்துவிட்டால் போய்விடும் என்பது மட்டும் தெரியும்.

தீபத்துக்குக் கொடியேறிவிட்டது. ஊரெல்லாம் வெளியூர் ஜனம். ஒரு காலை, பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். இவருக்கோ அவசரமாகப் போக வேண்டிய ஊர் இருந்தது. வண்டி வழக்கம் போல அசையவில்லை. தம்பியை அனுப்பிப் பாயைக் கூட்டி வரச் சொன்னார். மாமனார் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அவரும் நின்றுவிட்டார். நான் நடைக்கதவுக்கு உள்ளே நின்றேன்.

பாய் உதைத்துப் பார்க்கவே இல்லை. உட்கார்ந்து கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். விரலை விட்டு எடுத்தார்.

"இன்னா சார் இது, உப்பா?"

விரலில் வெள்ளையாகப் பூத்துப்போய் ஒட்டியிருந்தது. ஓட்டைக்குள்ளே ஊசி போன்ற கம்பியை விட்டார், அங்கேயும் அதுதான். மூக்குக்கிட்ட கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"பெரியவரே, நீங்க கொஞ்சம் பாருங்க. இது உங்க டிபார்ட்மெண்ட்டு."

மாமனார் குனிந்து மோந்தார். பெட்ரோல் வாசனைக்குள்ளேயும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "சூடம்," என்றார். இன்னொரு தரம் மோந்துவிட்டு, "நம்ம சரக்கு" என்றார்.

பாய் சிரித்துவிட்டார். "வண்டிக்குச் சூடம் காட்றதுன்னா வெளிய நின்னுதானே சார் காட்டுவாங்க? உள்ளயே போட்டு வச்சிருக்கீங்களே! பெட்ரோல் காத்துல பறந்துடுது, இது மட்டும் நின்னுடுது. குளிர்ல கெட்டியாகி ஓட்டையை அடைச்சுக்குது. வெயில் ஏறினா இளகிடுது. அதான் காலையில முரண்டு, மதியானம் சமத்து."

மாமனார் சிரிக்கவில்லை. திரும்பி என் தம்பியைப் பார்த்தார்.

"எடுத்தது போதாதுன்னு, ஒளிச்சு வைக்க உனக்கு வண்டி டேங்க்தான் கெடச்சுதா?"

"பெரிய மாமா, நான் இல்ல. அண்ணாமலையார் மேல சத்தியமா நான் இல்ல."

"பின்ன யாரு? நானா எழுந்து வந்து போட்டேன்?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் போகிற நாலு பேர் நின்றுவிட்டார்கள். தம்பி முகம் வெளுத்துப்போனது. என் வீட்டுக்காரர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பேசவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பொங்கி வருகிற பாலைப் பார்த்துக்கொண்டு கையில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

பாட்டில் மருந்து, அவருடைய மௌனம், சட்டைப் பை, எல்லாம் எனக்கு ஒன்றாகக் கூடி வந்தது அப்போதுதான். உள்ளே போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். நடைக்கதவைத் தாண்டிப் போனேன். யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. வண்டி சீட்டின் மேலே போட்டேன், பை மேல் பக்கம் தெரிகிற மாதிரி.

"இதையும் மோந்து பாருங்க மாமா."

அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டுத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றேன்.

மாமனார் சட்டையைத் தொடவில்லை. அது யாருடைய சட்டை என்று பார்த்தாலே தெரியும். பிள்ளையைப் பார்த்தார்.

"நான்தான் நைனா," என்றார் இவர்.

"எதுக்குடா?"

"சூடம் எரிஞ்சா சாம்பல் உண்டா? ஒண்ணுமே மிஞ்சாது இல்ல? பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சா உள்ள இருக்கிற கரியையும் சேர்த்து எரிச்சுட்டு, அதுவும் காணாம போயிடும்னு நெனச்சேன். பாட்டில் மருந்து கெடைக்கல..."

"யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சேன்." அந்த நிலைமையிலும் அதில் ஒரு துளி பெருமை இருந்தது.

பாய் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்த ஊர்ல பொறந்தவங்களுக்குத்தான் சார் இப்படியெல்லாம் தோணும்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். மாமனாருக்கும் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"நேரமாச்சு. கடையைத் தொறக்கணும், நட" என்று மாமனார் அவனிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

பாய் டேங்கைக் கழற்றி எல்லாவற்றையும் கீழே கொட்டிக் கழுவினார். அன்று முழுக்க எங்கள் நடையில் கர்ப்பகிரக வாசனை. ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று இவரை நான் சாயங்காலம் கேட்டேன். "சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ சட்டையோட வந்துட்ட" என்றார். இன்றுவரைக்கும் எனக்கு அதில் சந்தேகம். ஆனாலும் சாமி மாடத்தைக் காட்டி ஒன்று மட்டும் சொன்னேன். "சாம்பல் இல்லதான். மேல பாருங்க." வெள்ளிக்கிழமைதோறும் நான் தேய்த்தும் போகாத கரி, சூடம் ஏற்றுகிற இடத்துக்கு நேர் மேலே, கன்னங்கரேல் என்று இருந்தது. பார்த்தார். அதற்கப்புறம் வண்டியைப் பாயிடமே கொண்டுபோய்ச் சுரண்டிக்கொண்டார்.

தம்பியைப் போகச் சொல்லவில்லை. தீபம் முடிந்தும் அவன் கடையில்தான் இருந்தான். ஆனால் முன்னறையில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் சைக்கிளில் அடி அண்ணாமலைக்கே போய்வந்தான். போகும்போது கடைச் சாவியைக் கொடுக்க வீட்டுக்கு வருவான். சாவியை மாமனார் முன்னால் வைப்பான். அப்புறம், யாரும் கேட்காமலே, இரண்டு சட்டைப் பையையும் வெளியே இழுத்துத் திருப்பிக் காட்டுவான். வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறுவான். கட்டிக்கொள்வான். போவான்.

"யாருப்பா கேட்டது? போய்யா," என்பார் மாமனார். கேட்கவில்லை என்பார், ஆனால் கண் அந்தப் பை மேல் போய்வரும். அதையும் நான் பார்த்தேன். தம்பியும் பார்த்தான். அதனால்தான் மறுநாளும் திருப்பினான். மழை போய்ப் பனி வந்தது, மாடெல்லாம் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டு போய்விட்டது, அவன் விடவில்லை.

பங்குனி வெயில் ஏறிய ஒரு சாயங்காலம். பெண் வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தம்பி வந்தான். சாவியை வைத்தான். மாமனாரிடம் கடையில் ஒரு வெளியூர் அம்மாள் குங்குமத்தை மிளகாய்த் தூளா என்று கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே, "வரேன் பெரிய மாமா, வரேன்க்கா" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பையைத் திருப்ப மறந்துவிட்டான். மாமனாரும் அதைக் கவனிக்கவில்லை. சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, இன்னும் சிரித்துக்கொண்டே கால் கழுவப் போனார்.

நான் கவனித்தேன். தெருக்கதவைச் சாத்தும்போது சைக்கிள் மணி முனையில் திரும்புவது கேட்டது. அன்றைக்குத் தவலைக்கு அடியில் விறகைத் தள்ளிவிட்டு, பால் செம்பைச் சாய்த்துப் பார்க்காமலே அடுப்பில் வைத்தேன்.